‘பழையபடி ஆகிவிடுவாளா?’

எண் சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்று நம் பெரியோர் சொல்லிவைத்தனர். குழந்தையின் கையிலோ காலிலோ அடிபட்டால் பதறுகிறோம், மருந்திட்டுத் தேற்றுகிறோம். தலையில் அடிபட்டாலோ நம் கலக்கம் வேறு விதமானது. காயம் ஆறுமா என்ற கவலையோடு அது நின்றுவிடுவதில்லை. குழந்தையின் அறிவுக்கு ஏதேனும் ஊறு நேர்ந்துவிடுமோ என்ற அச்சம் நெஞ்சைக் கவ்விக்கொள்கிறது. வாய்விட்டுச் சொல்லவும் தயங்கும் அச்சம் அது. அந்த அச்சத்தோடு சுமார் ஏழு வாரங்கள் வாழ்ந்தவன் என்ற முறையில், அந்நாட்களில் நான் கற்றறிந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

34 ஆண்டுகள் பள்ளியில் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். என் மகள் குடும்பத்தார் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வசிக்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் அவர்களோடு தங்கியிருந்தேன். அப்போது என் பேத்திக்கு வயது 13. பனிச்சறுக்குத் தளத்தில் விளையாடச் சென்றவள், கால் வழுக்கி மல்லாந்து விழுந்து, பின்தலை மோதிக்கொண்டாள். தலைக்கவசம் அணிந்திருந்தாள். நினைவு தப்பவில்லை. ஆயினும் எழுந்து அமர்ந்தவள், தாய் கேட்ட எளிய கேள்விகளுக்கும் சற்றுத் தாமதித்தே விடை சொன்னாள். அந்தத் தாமதம்தான் எங்களை மருத்துவமனைக்கு விரைய வைத்தது.

தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தனர். எலும்பு முறிவு இல்லை. ரத்தக் கசிவும் இல்லை. “இது மூளை அதிர்வு” என்றார் மருத்துவர். ஆங்கில வழக்கில் ‘கன்கஷன்’ என்பார்களே, அதுவேதான். “படம் நன்றாக இருக்கிறது என்றால், எங்கள் பெண் நன்றாக இருக்கிறாள் என்றுதானே பொருள்?” என்று மாப்பிள்ளை கேட்டார். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். உயிருக்கு ஆபத்தான ரத்தக் கசிவு உண்டா என்பதைப் படம் சொல்லும். மூளை அதிர்வை அது காட்டாது; அந்த அதிர்விலிருந்து மூளை எப்போது மீளும் என்பதையும் சொல்லாது.

அதன் காரணத்தைப் பின்னர் படித்து அறிந்தேன். தலை திடீரென்று குலுங்கும்போது, மண்டையோட்டுக்குள் மென்மையான மூளையும் குலுங்குகிறது. நரம்பணுக்களின் நீண்ட இழைகள் இழுபடுகின்றன. அணுவுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது. வெளியில் இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. இந்தச் சமநிலையை மீட்க, மூளை அணுக்கள் வழக்கத்தைவிட மிகுதியாகச் சர்க்கரையைச் செலவிடுகின்றன. அதே வேளையில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைந்துவிடுகிறது. செலவு மிகுந்து வரவு குறைந்த இல்லம் எப்படித் தத்தளிக்குமோ, அப்படித்தான் மூளை சில நாட்கள் தத்தளிக்கிறது. வீடு இடிந்துவிடவில்லை, கையிருப்பு குறைந்திருக்கிறது. ஆகவேதான் படத்தில் ஒன்றும் தெரிவதில்லை. ஆகவேதான் குழந்தைக்குத் தலைவலியும் களைப்பும் மறதியும் மந்தமும் வருகின்றன. தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே நிகழும் குலுக்கலை முழுவதும் தடுக்க அதனால் இயலாது.

அன்று இரவு ஊரிலிருந்து என் மனைவி தொலைபேசியில் அழைத்தாள். “எப்போது சரியாகும் என்று சொன்னார்களா?” என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். வைத்தியரிடம் நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி அது. அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கென்றே கனடாவில் ஒரு பெரிய முயற்சி நடந்திருந்தது.

ஒட்டாவா நகரிலுள்ள கிழக்கு ஒன்டாரியோ குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ரோஜர் ஜெமெக் என்ற மருத்துவரின் தலைமையில், கனடாவின் 9 குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவுகள் ஒன்றுகூடின. 2013 முதல் 2015 வரை, மூளை அதிர்வோடு வந்த 5 வயது முதல் 18 வயதுக்கு உட்பட்ட 3,063 பேரை ஆய்வில் சேர்த்தனர். அவர்களுக்கு 28 நாட்கள் கழித்தும் தொல்லைகள் நீடிக்கின்றனவா என்று விசாரித்தனர். ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கு நீடித்தன. யாருக்கு நீடிக்கும் என்பதை முதல் நாளிலேயே ஊகிக்க இயலுமா என்று ஆராய்ந்து, 12 புள்ளிகள் கொண்ட ஒரு கணக்கை வகுத்து 2016-ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

கணக்கு எளியதுதான். வயது 8 முதல் 12 வரை என்றால் 1 புள்ளி. 13 அல்லது அதற்கு மேல் என்றால் 2. பெண் குழந்தை என்றால் 2. முன்பே மூளை அதிர்வு ஏற்பட்டு அது ஒரு வாரத்துக்கு மேல் நீடித்திருந்தால் 1. ஒற்றைத் தலைவலி உண்டென்று மருத்துவர் முன்பே கண்டறிந்திருந்தால் 1. கேள்விகளுக்கு மெதுவாக விடை சொன்னால் 1. தலைவலிக்கு 1, ஓசை பொறுக்காமைக்கு 1, களைப்புக்கு 2. ஒரு பாதத்தின் விரல்களை மற்றதன் குதிகாலோடு ஒட்டிவைத்து, இடுப்பில் கை ஊன்றி, கண்களை மூடி 20 விநாடிகள் நிற்கச் சொல்வர். அதில் நான்கு முறையோ மேலோ தடுமாறினால் 1. கூட்டினால் 3 வரை குறைந்த வாய்ப்பு. 4 முதல் 8 வரை நடுத்தரம். 9 முதல் 12 வரை மிகுந்த வாய்ப்பு.

எங்கள் பேத்தி நிலையாக நின்றுவிட்டாள். ஆனால் அவள் வயதுக்கு 2, பெண் என்பதற்கு 2, மெதுவாகப் பேசியதற்கு 1, தலைவலிக்கு 1, ஓசைக்கு 1, களைப்புக்கு 2. கூட்டினால் 9. மருத்துவர் அந்த எண்ணைச் சொன்னதும் என் மகளின் முகம் வாடிவிட்டது. வீடு திரும்பும் வழியில் காரில் யாரும் பேசவில்லை.

மறுநாள் காலையில் மகள் என்னருகே வந்து அமர்ந்தாள். “அப்பா, நீங்கள் கணக்கு வாத்தியார் அல்லவா? இந்த 9 என்பதற்கு என்ன பொருள் என்று எனக்குச் சொல்லுங்கள்” என்றாள். அவள் கேட்டது கணக்கை அல்ல என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கணக்கையே சொன்னேன். சரியாகப் புரிந்துகொண்ட எண், அச்சத்தை அளவோடு நிறுத்தும் என்பது என் நம்பிக்கை.

“அம்மா, 9 புள்ளிகள் பெற்ற குழந்தைகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு நான்கு வாரங்களுக்குப் பின்னும் தொல்லைகள் இருக்கக்கூடும் என்பதே இந்த எண் சொல்லும் செய்தி. அப்படியென்றால் மீதிப் பேர் அதற்குள் தேறிவிடுகிறார்கள். நம் குழந்தை எந்தப் பக்கம் என்று இந்த எண் சொல்லவில்லை. இன்னும் ஒன்று பார். நான்கு வாரங்களில் தேறுவாளா என்பதைத்தான் இது கணிக்கிறது. தேறவே மாட்டாளா என்பதை இது பேசவே இல்லை. அறிவு குறையுமா என்பதையும் இது பேசவில்லை.”

இந்தக் கணிப்பின் வலிமை எவ்வளவு என்பதையும் அவ்வாய்வாளர்கள் மறைக்காமல் எழுதியிருக்கின்றனர். நீண்டநாள் தொல்லைப்படப்போகும் குழந்தை ஒன்று, விரைவில் தேறப்போகும் குழந்தை ஒன்று என இருவரை அருகருகே நிறுத்தி, இவர்களில் யாருக்கு நீடிக்கும் என்று கேட்பதாகக் கொள்வோம். காசைச் சுண்டிப் பார்த்தால் 100-க்கு 50 முறை சரியாக இருக்கும். அனுபவம் மிக்க அவசர சிகிச்சை மருத்துவர்களின் ஊகம் 55 முறை சரியாக இருந்தது. இந்தப் புள்ளிக் கணக்கு, புதிய குழந்தைகளிடம் சோதித்தபோது, 68 முறை சரியாக இருந்தது. ஊகத்தைவிட மேல் என்பதில் ஐயமில்லை. விதியின் எழுத்து என்று கொள்வதற்கோ 68 போதாது. யாரை அடிக்கடி வரவழைத்துப் பார்க்க வேண்டும், எந்தப் பள்ளிக்கு முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்ய அது போதும். எங்கள் மருத்துவரும் அப்படித்தான் அதைப் பயன்படுத்தினார். ஒரு வாரத்திலேயே மீண்டும் வரச்சொன்னார்.

இனி, தாய்மார்கள் உள்ளுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விக்கு வருவோம். அறிவு என்னவாகும்?

மூளை அதிர்வு ஏற்பட்ட குழந்தைகளுக்குச் சில நாட்களோ சில வாரங்களோ கவனமும், விரைந்து சிந்திக்கும் ஆற்றலும், புதியதை நினைவில் நிறுத்தும் திறனும் குறைவது உண்டு. பெரும்பாலோருக்கு நான்கு வாரங்களுக்குள் அவை சீர்ப்படுகின்றன. அதற்கு அப்பால் நிலையான இழப்பு உண்டா என்று அறிய, கால்கரி பல்கலைக்கழகத்தின் கீத் யேட்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் 8 முதல் 17 வயது வரையிலான 866 பேரின் நுண்ணறிவை அளந்தனர். 2023-ல் முடிவு வெளியாயிற்று. அவர்கள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட முறை என்னைக் கவர்ந்தது. அடியே படாத குழந்தைகளோடு ஒப்பிடாமல், கையிலோ காலிலோ எலும்பில் அடிபட்டு வந்த குழந்தைகளோடு ஒப்பிட்டனர். இவர்களும் துடுக்காக ஓடியாடி விழுந்தவர்கள். இவர்களும் வலியையும் பள்ளி விடுப்பையும் அனுபவித்தவர்கள். தலையில் மட்டும் அடிபடாதவர்கள். அப்படி ஒப்பிட்டால்தான் தலையடியின் பங்கு தனியாகத் தெரியும். சிலரை அடிபட்ட சில நாட்களிலும், சிலரை 3 மாதங்கள் கழித்தும் சோதித்தனர். பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் இரு சாராரிடையே இல்லை.

இதை வாசித்துச் சொன்னபோது என் மகள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். ஏன் அழுகிறாய் என்று நான் கேட்கவில்லை.

ஆயினும் ஏட்டில் படிப்பது வேறு. கண் முன்னே பார்ப்பது வேறு. எங்கள் பேத்திக்குப் பாட்டென்றால் உயிர். சுருதிப் பெட்டியின் ஒலியையும் அவளால் அப்போது பொறுக்க முடியவில்லை. குக்கர் விசில் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். 17-ஐ 6-ஆல் பெருக்கக் கேட்டால் இமைப்பதற்குள் விடை சொல்லும் குழந்தை, அரைப்பக்கம் படித்துவிட்டு, “தாத்தா, என்ன படித்தேன் என்று மறந்துவிட்டது” என்றாள். அவளைத் தினமும் கேள்வி கேட்டுச் சோதிக்க வேண்டாம் என்று மருத்துவர் எங்களுக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். சோதனை, குழந்தைக்குத் தன் குறையையே நினைவூட்டிக்கொண்டிருக்கும் என்பது அவர் கருத்து.

முழு ஓய்வு குறித்தும் அவர் சொன்னது எங்களுக்குப் புதிது. இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பது முன்பு வழக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், 5 நாட்கள் கண்டிப்பான ஓய்வு எடுத்தவர்கள், ஓரிரு நாட்கள் மட்டும் ஓய்ந்தவர்களைவிடக் கூடுதலான தொல்லைகளைச் சொன்னார்கள். முன்னர் கூறிய கனடா ஆய்வில் சேர்ந்த குழந்தைகளிலும், முதல் ஒரு வாரத்துக்குள் மெல்ல நடமாடத் தொடங்கியவர்களில் 24.6 சதவீதத்தினருக்கே நான்கு வாரங்களுக்கு மேல் தொல்லை நீடித்தது, நடமாடாதவர்களிலோ 43.5 சதவீதம். நலமாக இருந்தவர்களே முன்னதாக எழுந்து நடந்திருக்கலாம் அல்லவா என்ற ஐயம் எனக்கு எழுந்தது. அந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுத்துக் கணக்கிட்ட பின்னும் நன்மை தெரிந்தது என்று ஆய்வாளர்கள் கூறுகின்றனர். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்களின் அறிவுரையும் இதுவே: முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை அளவான ஓய்வு, அந்நேரத்தில் கைபேசி, தொலைக்காட்சித் திரைகளைக் குறைத்தல், பிறகு தொல்லை பெரிதும் மிகாத அளவுக்கு நடை, அன்றாட வேலைகள். பள்ளிக்கு மெல்லத் திரும்பிய பின்னரே விளையாட்டு.

நாங்களும் அவ்வாறே செய்தோம். மூன்றாம் நாள் முதல் பேத்தியும் நானும் காலையில் தெருக்கோடி வரை நடந்தோம். இரண்டாம் வாரத்தில் அரைநாள் பள்ளி சென்றாள். தேர்வுகளை ஒத்திவைக்கவும், இடையிடையே அமைதியான அறையில் அமரவும் ஆசிரியர்கள் இடமளித்தனர்.

என் மகள் ஒரு குறிப்பேட்டில் தலைவலி, களைப்பு, மறதி ஒவ்வொன்றுக்கும் நாள்தோறும் எண் இட்டு வந்தாள். நான் அதைக் கட்டத்தாளில் கோடாக வரைந்தேன். ஒரு நாள் இறங்கும், மறுநாள் ஏறிவிடும். ஏறிய நாளில் வீடே இருண்டுவிடும். நான் ஏழு நாட்களுக்கு ஒருமுறை சராசரி எடுத்து, அந்த எண்களை மட்டும் தனியே ஒரு கோடாக வரைந்து காட்டினேன். அக்கோடு மெதுவாக, ஆனால் தவறாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நாளைப் பார்த்தால் கலக்கம். வாரத்தைப் பார்த்தால் தெளிவு. மகள் அன்று முதல் அந்த இரண்டாவது கோட்டையே பார்த்துத் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

28-ஆம் நாள் வந்தது. எங்கள் பேத்தி இன்னும் தேறவில்லை. கணிப்பில் பாதிக்குச் சற்று மேற்பட்ட பக்கத்தில் அவள் இருந்தாள். “அப்படியானால் அது பலித்துவிட்டது” என்றார் மாப்பிள்ளை, வருத்தத்தோடு. பலித்தது நான்கு வாரம் என்ற எல்லை மட்டுமே. ஐந்தாம் வாரத்தில் தலைவலி விட்டது. ஆறாம் வாரத்தில் சுருதிப் பெட்டியை அவளே எடுத்து வைத்தாள். படித்ததை நினைவில் கொள்ளும் திறன் எல்லாவற்றுக்கும் கடைசியாக, ஏழாம் வாரத்தில் வந்து சேர்ந்தது. யாரும் கேளாமல், தான் படித்த கதை ஒன்றை அவள் தன் தம்பிக்கு முதலிலிருந்து முடிவுவரை சொல்லிக்கொண்டிருந்ததை அடுத்த அறையிலிருந்து நான் கேட்டேன்.

முற்றிலும் தேறியதாக மருத்துவர் எழுதித் தரும் வரை அவளைப் பனித்தளத்துக்கு அனுப்பவில்லை. இதில் ஒன்டாரியோ மக்கள் கண்டிப்பானவர்கள். அதற்குத் துயரமான காரணம் உண்டு. 2013-ல் ஒட்டாவாவைச் சேர்ந்த ரோவன் ஸ்டிரிங்கர் என்ற 17 வயது மாணவி, ரக்பி விளையாட்டில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு உயிரிழந்தாள். முதல் அடியிலிருந்து மூளை மீளும் முன்பே மறு அடி விழுந்ததே காரணம். அவள் பெயரால் 2018-ல் அம்மாகாணம் சட்டம் இயற்றியது. மூளை அதிர்வு ஏற்பட்டதோ என்று ஐயுற்றாலே விளையாட்டிலிருந்து விலக்க வேண்டும். மருத்துவச் சான்று இன்றித் திரும்ப விடலாகாது.

நம் ஊரில் பனித்தளம் இல்லை. ஆனால் மொட்டை மாடியும், ஊஞ்சலும், கிரிக்கெட் பந்தும், அப்பாவின் இருசக்கர வாகனமும் இருக்கின்றன. நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும் தலைக்கவசம் வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டமே சொல்கிறது. ஆகவே பேரப்பிள்ளைகள் உள்ள இல்லங்களுக்கு நான் சொல்ல விரும்புவன சில.

தலையில் அடிபட்ட குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வலிப்பு வந்தாலோ, நினைவு தப்பினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ, கைகால் தளர்ந்தாலோ, கண்மணிகள் அளவில் வேறுபட்டாலோ சற்றும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அன்றைக்கே மீண்டும் விளையாட விடாதீர்கள். பள்ளி ஆசிரியரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். வெளிக்காயம் இல்லாததால் அவர்களுக்குத் தெரியாமலே போகலாம். நான்கு வாரங்களுக்குப் பின்னும் தொல்லை இருந்தால் மீண்டும் மருத்துவரிடம் செல்லுங்கள். குழந்தைக்கு முன்பே படிப்பில் இடர்ப்பாடோ, மனக்கலக்கமோ, ஒற்றைத் தலைவலியோ இருந்தால் அதையும் மறைக்காமல் அவரிடம் கூறுங்கள். மீட்சியின் வேகம் அடியின் பலத்தை மட்டும் சார்ந்ததன்று.

கடைசியாக ஒன்று. “படிப்பு போய்விட்டதே, முன்பெல்லாம் எவ்வளவு சூட்டிகையாக இருந்தாள்” என்று குழந்தையின் காதுபடப் பேசாதீர்கள். உறவினர் பேசினாலும் அன்போடு தடுத்துவிடுங்கள். தேறிவரும் மூளைக்குச் சர்க்கரையும் ரத்தமும் எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை தன்னை நம்பும் பெரியவர்கள் அருகில் இருப்பதும். எப்போது சரியாகும் என்று குழந்தை கேட்டால், “நாள் கணக்குச் சொல்ல முடியாதம்மா, ஆனால் வாரத்துக்கு வாரம் நீ தேறி வருகிறாய், நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்” என்று சொல்லுங்கள். அதைச் சொல்வதற்குப் புள்ளிக் கணக்கு எதுவும் தேவையில்லை.